பழைய வீட்டு யன்னல்: எதை மாற்றினோம், எதை விட்டுவைத்தோம்

கொக்குவிலில் எங்களுடையது அப்பப்பா கட்டிய கல்வீடு. முன் அறைகளின் யன்னல்கள் முதிரை மரம்: நடுவில் இரும்புக் கம்பி, வெளியே திறக்கும் இரட்டைக் கதவு. பின்னாளில் குசினியைப் பெருப்பித்தபோது போட்டவை மட்டும் மலிவான மரம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழைக்கு அறைகளுக்குள் தண்ணீர் வந்ததும், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அலுமினியம் போடுங்கள் என்றுதான் பலரும் சொன்னார்கள். நாங்கள் குசினிப் பக்கத்தை மாற்றினோம், முன்பக்கத்தைத் திருத்தினோம். இரண்டையும் சில மாரிகள் பார்த்துவிட்டோம்.

கார்த்திகையில் யன்னல் இறுகுவது மாற்றுவதற்கான காரணமே இல்லை. ஈரத்துக்கு மரம் ஊதும், வெயில் வந்தால் சுருங்கும். "மாரியிலை சீவாதை தம்பி, பங்குனியிலை வெயில் உள்ளுக்கு வரும்" என்றார் எங்கள் ஓடாவியார். கதவு தொங்கினால் முதலில் பிணைச்சலைப் பாருங்கள். பெயின்ற் உரிந்தால் உரஞ்சி அடிக்கலாம். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் நனைத்து உரஞ்சுங்கள், மாஸ்க் போடுங்கள், சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

யன்னல் உண்மையில் எப்படி இருக்கிறது என்பதை நிலையின், அதாவது சுவரோடு பதித்த மரச்சட்டகத்தின், கீழ்ச் சட்டம் சொல்லும். மழைத்தண்ணீர் வந்து நிற்கும் இடம் அதுதான். மூலைகளில் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். மேலே மட்டும் பொருபொருத்து, உள்ளே இறுக்கமாக இருந்தால் அந்த இடத்தை வெட்டி, நல்ல மரத்துண்டு பொருத்தலாம். எங்கள் முன் அறையில் அப்படிப் பொருத்திய துண்டு இன்றும் அசையவில்லை. ஆனால் நுனி பஞ்சுக்குள் போவதுபோல் இறங்கினால், அதுவும் பல இடங்களில் இறங்கினால், அந்த நிலையைக் கழற்றத்தான் வேண்டும்.

கம்பிகளின் அடியையும் பார்க்க வேண்டும். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். குசினி யன்னலில் கம்பி இறங்கும் ஒவ்வொரு துளையிலிருந்தும் சட்டம் நீளத்துக்கு வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி, பெயின்றுக்கு அடியில் மரம் கருத்துப்போயிருந்தது. கறையான் வேறு. சுவரில் மண்கோடு தெரிந்தால் முதலில் அது வரும் வழிக்கு மருந்து அடியுங்கள். இல்லாவிட்டால் புதுமரத்தையும் விடாது.

அலுமினியம் எப்படி? மழை உள்ளே வருவதில்லை, பெயின்ற் வேலையும் இல்லை, உண்மைதான். ஆனால் இழுத்துத் திறக்கும் யன்னல் பாதிதான் திறக்கும். சோளகம் வீசும் மாதங்களில் மர யன்னல் அறையில் படுக்கலாம், குசினியில் புழுக்கம் தாங்காது. தண்டவாளத்தில் மண் சேர்ந்து தண்ணீர் வடியும் துளைகள் அடைத்தால் மழைத்தண்ணீர் உள்ளுக்குத்தான் வழியும். மாரிக்கு முன் ஈர்க்கால் குத்தித் துப்புரவாக்குகிறோம். பருத்தித்துறையில் கடலோரம் இருக்கும் அக்கா வீட்டில் அலுமினிய யன்னலைப் பூட்டிய சாதாரண இரும்பு ஆணிகள் உப்புக்காற்றில் அரித்துவிட்டன. கடல் கிட்ட இருந்தால் துருப்பிடிக்காத எஃகு ஆணி கேட்டு வாங்குங்கள். மறுபடி செய்தாலும் படுக்கை அறைகளுக்கு அலுமினியம் போடமாட்டேன்.

கழற்றத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு யன்னலாக, மழையில்லாத மாசி, பங்குனியில் செய்யுங்கள். நல்ல முதிரைக் கதவுகளை விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நிலை மட்டும் பழுதென்றால் புதுநிலைக்கு அதே கதவுகளைப் பூட்டலாம்.