டாஸ்ல வெர்ஷன் நம்பரை நம்பி கெட்ட கதை: எட்டு வருஷ அனுபவம்

சிங்கப்பூர் சுங்கே ரோடு பழைய சாமான் மார்க்கெட்ட 2017 ஜூலைல மூடுனாங்கல்ல, அதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி அங்க தரையில விரிச்சிருந்த தார்ப்பாய்ல ஒரு பென்டியம் லேப்டாப் கெடந்துச்சு, பேரம் பேசி 30 வெள்ளிக்கு தூக்கிட்டு வந்துட்டேன். பேட்டரி செத்துருச்சு, விண்டோஸ் 98 மட்டும் உயிரோட, அதுக்கு அடியில டாஸ்ங்குற பழைய ஆபரேட்டிங் சிஸ்டம். அதுல நானே அசெம்பிளில (பிராசசர்கிட்ட நேரா பேசுற மொழி) எழுதுன பேக்கப் புரோகிராம இன்னைக்கி வரைக்கும் ஓட்டிக்கிட்டு இருக்கேன்.

ஆரம்பத்துல என் வழி ரொம்ப சிம்பிள். இன்டரப்ட் 21ல (புரோகிராம் டாஸ்கிட்ட வேலை கேக்குற வாசல், இந்த நம்பரெல்லாம் ஹெக்ஸ்) ஃபங்ஷன் 30 கூப்பிட்டா ஏஎல்ல (பிராசசரோட ஏஎக்ஸ் ரெஜிஸ்டர்ல கீழ் பாதி) டாஸ் வெர்ஷன் வரும், 7ன்னு வந்தா லாங் ஃபைல்நேம் (எட்டெழுத்துக்கு மேல நீளமான ஃபைல் பேர்) இருக்குன்னு அர்த்தம், முடிஞ்சுது வேலை. ஒரு வருஷம் ஒழுங்காத்தான் ஓடுச்சு. ஒரு நாள் எஃப்8 அமுக்கி விண்டோஸ் ஏறாம வெறும் டாஸ்ல பூட் பண்ணி ஓட்டுனேன் பாருங்க, அங்கயும் 7.10ன்னுதான் சொல்லும், ஆனா லாங் ஃபைல்நேம் வேலைய பாக்குறதே விண்டோஸ்தான், அது ஏறலன்னா அந்த ஃபங்ஷனே கெடையாது. லாங் ஃபைல்நேம்ல புதுசா ஃபைல் தெறக்க 716சி ஃபங்ஷன கூப்பிட்டேன், டாஸுக்கு ஒண்ணும் புரியல, ஏஎல்ல சைபர் போட்டுட்டு திரும்பிருச்சு, கேரி ஃபிளாக்க (தப்பு நடந்தா ஏத்தி வைக்கிற பிட்) தொடவே இல்ல. நான் ஏஎக்ஸ்ல இருந்த 7100ஐ ஃபைல் ஹேண்டில்னு (தெறந்த ஃபைலுக்கு டாஸ் குடுக்குற நம்பர்) நெனச்சு எழுதி, எழுதுனது ஏறுச்சான்னுகூட பாக்காம ஒரிஜினல அழிச்சுட்டேன். அப்பா ஊருக்கு எழுதுன லெட்டர் ஸ்கேன் பதினொண்ணு போயே போச்சு. சோம்பேறித்தனம் என்னுதுதான், யாரயும் சொல்ல முடியாது.

அதுக்கப்புறம் மொதல்ல எஸ்டிசி போட்டு கேரிய நானே ஏத்தி வச்சுட்டு, டிரைவோட ரூட் பாத்த குடுத்து 71ஏ0 (அந்த டிரைவ்ல லாங் ஃபைல்நேம் உண்டான்னு சொல்ற ஃபங்ஷன்) கூப்பிடுறேன். கேரி எறங்கி வந்து, பிஎக்ஸ் ரெஜிஸ்டர்ல 4000 ஹெக்ஸ் பிட்டும் இருந்தாத்தான் நம்புவேன். அந்த ஒரு எஸ்டிசி லைன்தான் உயிர்நாடி. இப்ப எக்ஸ்பியோட டாஸ் விண்டோல 5.0ன்னு காட்டுது, ஆனா லாங் ஃபைல்நேம் ஜம்முன்னு வேலை செய்யுது. ஃப்ரீடாஸ்ங்குற இலவச டாஸ் 7.10ங்குது, தனி டிரைவர் ஏத்துற வரைக்கும் ஒண்ணும் கெடையாது. ரெண்டு பக்கமும் பொய். பத்தாததுக்கு செட்வர் கமாண்ட் போட்டா டாஸே புரோகிராமுக்கு தகுந்த மாதிரி வேற நம்பர் சொல்லும்.

அக்கா பையன் கேட்டான், "அப்ப வெர்ஷனே பாக்க வேணாமா மாமா?"ன்னு. அப்படியும் விட முடியாதுடா. எக்ஸ்எம்எஸ் (1 எம்பிக்கு மேல உள்ள மெமரிய பயன்படுத்துற வழி) இருக்கான்னு கேக்க இன்டரப்ட் 2எஃப்ல 4300 கூப்பிடணும், டாஸ் 2ல அந்த இன்டரப்ட்டோட வெக்டர் (அது போக வேண்டிய முகவரி) காலியா இருந்தா மெஷின் அங்கயே உறைஞ்சுரும். அதனால 3ஓ அதுக்கு மேலயோன்னு பாத்துட்டுத்தான் கேக்கவே ஆரம்பிப்பேன். கேக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ண மட்டும்தான் எனக்கு அந்த நம்பர், பதிலுக்கு இல்ல.

ஒரே கொறை, டிரைவ் மாறுனா மறுபடி கேக்கணும், கொஞ்சம் இழுக்கும். வெறும் டாஸ்ல இப்ப ஃபைல் பேரெல்லாம் எட்டெழுத்துல வெட்டுப்பட்டு ஏறுது, பாக்க சகிக்கல, ஆனா ஏறுது.