கேரவன் கூரைக்கு ஒரு தொப்பி: டர்பனில் ஏழு வருட அனுபவம்

கேரவன், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற நடமாடும் வீடு, வாங்குகிற எல்லாரும் அது ரோட்டில் ஓடுவதை நினைத்துத்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். வருடத்துக்கு முப்பது நாள் ஓடினால் அதுவே அதிகம் என்பது பிறகு தெரிந்தது. மிச்ச நாளெல்லாம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் சும்மா நிற்கிறது. தூத்துக்குடியில் வளர்ந்த எனக்கே டர்பனில் கோடைக்காலமான ஜனவரி, பிப்ரவரியின் புழுக்கம் தாங்காது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அடைத்து வைத்த கேரவன் என்ன பாடுபடும்? 2018 மார்ச்சில் கதவைத் திறந்தபோது குப்பென்று ஒரு நெடி. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. அலமாரியில் விட்டுவிட்டுப் போன தோல் செருப்பின் மேல் பாசி பிடித்த மாதிரி பூஞ்சை. அந்தச் செருப்பைத் தூக்கி எறிந்தேன். மெத்தைக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான்.

சூடான ஈரக்காற்று மேலேதான் போகும், அதனால் கூரையில் இருக்கிற வென்ட்டை, அதாவது காற்றுத் திறப்பை, திறந்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் திறந்து வைத்தால் மழை வரும். மழைகூடப் பரவாயில்லை, குரங்கு வரும். எங்கள் பக்கம் குரங்குக் கூட்டம் சுவர் மேல் நடந்து போவது தினசரி காட்சி. ஒரு விரல் நுழைகிற சந்து கிடைத்தால் போதும், வென்ட் மூடியை நெம்பித் தூக்கிவிட்டு உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் 2018 செப்டம்பரில் இரண்டு வென்ட்டுக்கும் மேலே கவர் போட்டேன். வீட்டில் அதற்குத் ‘தொப்பி’ என்று பேர் விழுந்துவிட்டது, இங்கேயும் அப்படியே சொல்கிறேன். வென்ட்டோடு வருகிற, உள்ளிருந்து கைப்பிடியைச் சுற்றினால் எழும்புகிற பலகை ‘மூடி’. அதற்கும் மேலே கூடு மாதிரி கவிழ்ந்து, பின்பக்கம் மட்டும் காற்றுப் போக வலை போட்ட பலகணி வைத்திருப்பது ‘தொப்பி’. மூடி திறந்தே இருந்தாலும் மழை நேராக உள்ளே விழாது.

வாங்கும்போதே ஒரு கோட்டை விட்டேன். என் கேரவனில் கட்டிலுக்கு மேலே இருக்கிற வென்ட் 40 சென்டிமீட்டர் சதுரம், ஐரோப்பிய அளவு. சமையல் பக்கம் முந்தைய உரிமையாளர் 12 வோல்ட் ஃபேனோடு மாற்றிப் போட்டிருந்தது அமெரிக்க அளவு, 14 அங்குலம், அதாவது சுமார் 35.5 சென்டிமீட்டர். நான் அளக்காமலே 14 அங்குலத் தொப்பி இரண்டு வரவழைத்தேன். ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. இன்னொன்று கட்டில் வென்ட் மேல் குழந்தைத் தொப்பியைப் பெரியவர் போட்டுக்கொண்ட மாதிரி நின்றது. அதை வந்த விலைக்கு விற்றுவிட்டு, படகு ரிப்பேர் செய்கிற ஒரு ஃபைபர்கிளாஸ் பட்டறையில் கட்டில் வென்ட்டுக்கென்று தனியாகச் செய்யச் சொன்னேன். ஆக ஒரே கூரையில் பாலிஎத்திலீன் தொப்பி ஒன்று, ஃபைபர்கிளாஸ் தொப்பி ஒன்று. எது எப்படி உழைக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு தேடினாலும் கிடைக்காது.

பட்டறைக்காரர் தொப்பியைக் கூரையிலேயே ஸ்க்ரூ அடித்துச் சுற்றிலும் சிலிக்கோன் பூசிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். கூரையில் போடுகிற ஒவ்வொரு ஓட்டையும் நாளைக்கு ஒழுகப் போகிற ஓட்டை. சிலிக்கோன் ஒருமுறை பூசிவிட்டால் அதன் மேல் வேறு எந்த சீலண்ட்டும் (ஒழுகலை அடைக்கிற பசை) ஒட்டாது, சுரண்டி எடுப்பதற்குள் விரல் நகம் போய்விடும். கடையில் வாங்கிய தொப்பியோடு வந்ததைப் போலவே, வென்ட்டின் நிமிர்ந்த விளிம்பில் நான்கு எல் வடிவ பிராக்கெட், அதில் தொப்பி, முன்னால் கீல், பின்னால் ஸ்ப்ளிட் பின் என்று வைத்துக்கொண்டோம். பின்னை இழுத்தால் தொப்பி மல்லாந்து கொடுக்கும், துடைக்கலாம். கடற்காற்றுக்குச் சாதா ஸ்க்ரூ ஒரு வருடம் தாங்காது, எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஏழு வருடத்தில் மெத்தையில் ஒரு புள்ளி கிடையாது. இரண்டு மூடியும் நான்கு விரல் உயரம் திறந்தபடியே கேரவன் நிற்கிறது, கீழே கேஸுக்காக விட்டிருக்கிற தரைத் துவாரம் வழியாகக் காற்று ஏறி மேலே போய்க்கொண்டே இருக்கிறது. (அந்தத் தரைத் துவாரத்தைப் பூச்சி வருகிறது, தூசி வருகிறது என்று யாரும் அடைக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.) 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் கொட்டிய மழையில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. நானூறு பேருக்கு மேல் செத்துப்போன வெள்ளத்தில் என் கேரவன் நனைந்ததா என்று பேச எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், அன்றும் மூடிகள் திறந்துதான் இருந்தன. உள்ளே வந்த தண்ணீர் ஜன்னல் ரப்பர் வழியாக வந்தது. தொப்பி வழியாக ஒரு சொட்டு இல்லை.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதை நான் தெற்குக் கடற்கரையில் ராத்திரி இரண்டு மணிக்கு முகம் நனைந்து எழுந்துதான் கற்றுக்கொண்டேன். தொப்பியின் பலகணி பின்பக்கம் பார்த்து இருக்கிறது. ஓடும்போது அதுதான் சரி. நிறுத்தும்போது? இந்தக் கரையில் குளிர்க்காற்றோடு மழை வருவது பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து. அன்றைக்குக் கடல் தெரியட்டும் என்று கேரவனின் முதுகைத் தென்மேற்குக்குக் காட்டி நிறுத்தியிருந்தேன். சாய்ந்து அடித்த மழை பலகணி வழியாக நேரே கட்டிலுக்கு வந்தது. இப்போதெல்லாம் கேரவனின் மூக்குத் தென்மேற்கைப் பார்க்கும்படி நிறுத்துகிறேன். கடல் தெரியாவிட்டால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறோம்.

டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் டிசம்பரில் போனவர்களுக்குத் தெரியும், காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், மூன்று மணிக்கு மலைக்குப் பின்னாலிருந்து கறுப்பாக ஏறிக்கொண்டு வரும், நான்கு மணிக்கு இடி. ஒரு தடவை கோலிக்குண்டு பருமனில் ஆலங்கட்டி பெய்தது. பத்து நிமிடம்தான். உள்ளே உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தகரத்தில் கல்லைக் கொட்டுகிற சத்தம். விட்ட பிறகு ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். பாலிஎத்திலீன் தொப்பி அடியை வாங்கி வளைந்து கொடுத்திருக்கிறது, ஒரு கீறல் இல்லை. ஃபைபர்கிளாஸ் தொப்பியின் மேல்பூச்சில் சிலந்தி வலை மாதிரி நான்கைந்து விரிசல். அடியில் இருந்த மூடிகள் இரண்டும் முழுசு. அடுத்த இடத்தில் நின்ற கேரவனுக்குத் தொப்பி கிடையாது. அந்த வீட்டம்மா மூடியில் விழுந்த ஓட்டைக்கு ரொட்டிப் பையை வைத்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஆலங்கட்டியில் ஜெயித்த பாலிஎத்திலீன், வெயிலில் தோற்றது. நான்காவது வருடத்திலிருந்து கையால் தடவினால் சாக்பீஸ் தூள் மாதிரி வெள்ளையாக ஒட்டும். ஆறாவது வருடத்தில் போல்ட் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரமாக வெடிப்பு. அதில் பாதித் தப்பு என்னுடையது. வெயிலில் பிளாஸ்டிக் விரியும், ராத்திரி சுருங்கும். அது நகர இடம் விடாமல் நான் ஸ்பேனரை வைத்து முறுக்கு முறுக்கென்று முறுக்கியிருந்தேன். ஓட்டையைக் கொஞ்சம் நீளவாக்கில் ராவி, நைலான் வாஷர் போட்டு, விரலால் இறுக்கி அதற்கு மேல் கால் சுற்று, அவ்வளவுதான் தேவை.

சமையல் பக்கம்தான் வீட்டில் சண்டை. தொப்பி புகைக் கலர். போட்ட அன்றைக்கே, “என்னங்க, பகல்லயே லைட்டு போட்டு வெங்காயம் நறுக்கணுமா?” என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. கட்டிலுக்கு மேலே அதே இருட்டு வரம். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்னாலேயே சூரியன் வந்துவிடும், தொப்பி போட்டபின் ஆறரை வரை தூங்குகிறேன். சமையலுக்கு அது சாபம். ஃபேன் இழுக்கிற இழுப்பும் குறைந்தது. கருவி ஒன்றும் வைத்து அளக்கவில்லை. எதிர் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, கொசுவலைக்கு வெளியே ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்தேன். தொப்பி மல்லாந்திருக்கும்போது ஃபேன் மூன்றாவது ஸ்பீடில் பேப்பரை வலையோடு ஒட்ட வைத்தது. தொப்பியைக் கவிழ்த்தால் ஐந்தாவது ஸ்பீடு வேண்டியிருந்தது. மூடி முழுசாக எழும்ப முடியாமல் தொப்பியின் உச்சியில் முட்டியதும் ஒரு காரணம். வாங்குவதற்கு முன் உங்கள் மூடி எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 2023-ல் தினமும் லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) அடித்த நாட்களில் வீட்டை விட்டுக் கேரவனில் போய்ப் படுத்தோம், அப்போது பேட்டரியில் ஓடுகிற ஃபேனுக்கு அந்த இரண்டு ஸ்பீடு வித்தியாசம் பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது.

மீன் பொரிப்பவர்களுக்கு இன்னொன்று. ஷேட் மீன் கிடைக்கிற சீசனில் மசாலா தடவித் தோசைக்கல்லில் போடாமல் எங்களால் இருக்க முடியாது. அந்த எண்ணெய்ப் புகை மேலே போய்த் தொப்பியின் உள்பக்கத்திலும் பலகணி வலையிலும் படிகிறது. அதன் மேல் தூசி. ஒரு வருடம் விட்டுவிட்டுத் திறந்தால் வலைக்கண் ஒவ்வொன்றும் மஞ்சள் பிசினால் அடைத்திருக்கும், மஞ்சள் தூளும் மிளகாயும் கலந்த பழைய நெடி. வெந்நீரும் பாத்திர சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும், ஆனால் கூரையில் ஏறி உட்கார்ந்து தேய்க்க ஆள் வேண்டும். பலகணிக்குள் குளவி கூடு கட்டுவதும் உண்டு. கையை விடுவதற்கு முன் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விடுங்கள்.

மண் ரோட்டுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கரூ என்கிற வறண்ட உள்நாட்டுப் பகுதியில் ஒரு நாற்பது கிலோமீட்டர் கப்பி ரோடு. தொப்பி இருக்கிற தைரியத்தில் மூடிகளைத் திறந்தே விட்டேன். போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தால் போர்வை, தட்டு, அரிசிப் பை எல்லாம் காவி நிறம். பலகணி பின்பக்கம் பார்ப்பதால் ஓடும்போது அந்த இடத்தில் காற்றழுத்தம் குறைகிறது, கேரவனுக்குள் இருக்கிற காற்றை மேலே உறிஞ்சுகிறது, அதற்கு ஈடாகக் கீழ்த் துவாரம் வழியாகச் சக்கரம் கிளப்புகிற புழுதி உள்ளே ஏறுகிறது. இங்கே ஆஃப்ரோடு கேரவன்களில் காற்றை உள்ளே தள்ளி அழுத்தம் ஏற்றுகிற வென்ட் வைப்பது இதற்கு நேர் எதிரான தத்துவம். ஆக, தார் ரோட்டில் திறந்து ஓட்டலாம். கப்பி ரோடு வந்தால் நிறுத்தி மூடியை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

குரங்கு விஷயத்தில் தொப்பிக்குப் பாஸ் மார்க். ஒரே ஒரு முறை, வெயிலில் மின்னுகிறது என்று ஸ்ப்ளிட் பின்னை ஒன்று உருவிக்கொண்டு போய்ச் சுவர் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. இப்போது பின்னுக்கு மேல் கறுப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். உயரம் கால் மீட்டர் கூடிவிட்டதால் வீட்டு கார்போர்ட்டுக்குள் கேரவன் நுழையவில்லை. அதற்குக் கூரையை உயர்த்திய செலவு இரண்டு தொப்பி விலையைவிட அதிகம்.

எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கிய சங்கதி வேறு. பக்கத்து வீட்டு அண்ணன் சாட்ஸ்வொர்த்திலேயே பிறந்தவர், கேரவனோடு முப்பது வருடப் பழக்கம். போட்ட அன்றே அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “தொப்பி லெக்கர், தம்பி. ஆனா உள்ள என்னா நடக்குது, யாரு பாக்குறது?” (‘லெக்கர்’ என்றால் இங்கே ‘அருமை’.) நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். 2021-ல் கட்டில் வென்ட்டின் விளிம்பு சீலண்ட் காய்ந்து வாய் பிளந்திருக்கிறது. தொப்பி மறைத்துக்கொண்டிருந்ததால் ஏணியில் நின்று பார்த்தாலும் தெரியவில்லை. மேலே விழுந்து ஓடிவருகிற தண்ணீர் அந்தப் பிளவில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, உள்கூரைப் பலகை உப்பி, விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உள்ளே போனபோதுதான் எனக்குப் புரிந்தது. பலகை மாற்றி, பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாத பசை நாடா) வைத்து வென்ட்டைத் திரும்ப உட்கார வைக்க ஒரு வாரம் லீவு போட்டேன். அதிலிருந்து ஆடிக்கூழுக்கு முன்னால் ஒரு தடவை, புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மனைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் ஒரு தடவை, தொப்பி இரண்டையும் கழற்றித் தரையில் வைத்து அடியைப் பார்த்துவிடுகிறேன். தேதி வைத்தால் மறந்துபோகும், சாமி காரியத்தோடு சேர்த்து வைத்தால் மறக்காது.

போன வாரம் பாலிஎத்திலீன் தொப்பியை ஒரேயடியாக இறக்கிவிட்டேன். அண்ணன் வந்து புரட்டிப் பார்த்துவிட்டுக் கோழிக்கூண்டுக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். சமையல் பக்கத்துக்கும் ஃபைபர்கிளாஸ் சொல்லியிருக்கிறேன். மூடி முட்டாமல் எழும்ப ஐந்து சென்டிமீட்டர் உயரம் கூட்டி, உச்சியில் வெளிச்சத்துக்கு ஒரு பாலிகார்பனேட் சதுரம் பதித்து. வெங்காயம் நறுக்குகிற மேடைக்கு நேர் மேலே வரும்படி அந்தச் சதுரத்தை அவளே வந்து பென்சிலால் குறித்துக் கொடுத்தாள்.