டெஸ்ட் ரைடு வண்டியையே புது வண்டி என்று என் தலையில் கட்டப் பார்த்தார்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் புதிதாக க்ரூஸர் பைக் எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மீதிப் பணத்தைக் கட்டுங்கள். மலைப் பாதையில் ஓட்டிப் பார்க்க என்னிடம் கொடுத்த அதே வண்டியைக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, புது வண்டி என்று டெலிவரி கொடுக்கப் பார்த்தார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் ஷோரூம் பெயரை எழுதவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கப்புறம் ஷோரூம்களில் உட்கார இடமில்லை. எனக்குப் பிடித்த சாம்பல் நிறத்துக்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். சரி, ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று டெஸ்ட் ரைடு கேட்டேன். வழக்கமாகப் பார்வதிபுரம் மேம்பாலம் வரை ஒரு சுற்று விட்டுவிட்டுச் சாவியைக் கேட்பார்கள். எனக்கு அது போதாது, மலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். சேல்ஸ் தம்பி யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கீரிப்பாறை வரை போகலாம், தானும் இன்னொரு வண்டியில் பின்னாலேயே வருவதாகச் சொன்னார்.

கிளம்பும் முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வண்டிக்கு ஏதாவது ஆனால் செலவு முழுவதும் என் பொறுப்பு என்று இருந்தது. அந்த வரி உறுத்தியதால் படிவத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இறச்சகுளம், பூதப்பாண்டி, திட்டுவிளை வரை வண்டி அருமை. தாழ்ந்த சீட், நீட்டி வைத்த கால், அதிராத எஞ்சின், ஈஸிசேரில் உட்கார்ந்து போவது போல. தடிக்காரன்கோணம் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்குள் நுழைந்ததும்தான் க்ரூஸரின் குணம் தெரிந்தது. அந்த ரோட்டில் நிழல் அடர்த்தி. ராத்திரி பெய்த மழை காலையில் காய்ந்திருக்காது, மேலே இலைச் சருகு வேறு. இந்த வகை வண்டி நீளமும் கனமும் கூடியது, தரையை ஒட்டி நிற்பது. வளைவில் கொஞ்சம் சாய்த்தாலே கால் வைக்கும் ஃபுட்பெக்கின் அடியில் இருக்கிற சின்ன போல்ட் ரோட்டில் உரசும். 'இதற்கு மேல் சாய்க்காதே' என்று எச்சரிக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஒரு இடது வளைவில் எனக்கும் 'கர்ர்' என்று உரசியது. வண்டியைக் குறை சொல்ல மாட்டேன், அதன் அமைப்பு அப்படி.

ஆனால் ஒன்று உதைத்தது. கிளம்பியதிலிருந்தே வேகம் காட்டும் இடத்தில் பூஜ்யம்தான். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸின் விளக்கும் அணையவில்லை. சாவி போட்டதும் அது எரியும், வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைந்துவிட வேண்டும். நிறுத்திக் கேட்டேன். "டெமோ வண்டி சார், சென்சார்ல தண்ணி போயிருக்கும். உங்க வண்டில இதெல்லாம் வராது" என்றார் அந்தத் தம்பி. திரும்பி இறங்கும்போது ஒரு வளைவில் எதிரே ஜீப் வர, பிரேக்கை மிதித்தேன். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சருகில் ஒரு முழம் வழுக்கியது. ஏபிஎஸ் வேலை செய்திருந்தால் அப்படிப் பூட்டியிருக்காது. விழாமல் தப்பித்தேன்.

இருந்தாலும் வண்டி பிடித்துப் போனதால் 25,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினேன். அடுத்த வாரமே போன்: "சார், உங்க லக்கு, நீங்க கேட்ட கலரே ஒண்ணு வந்திருக்கு."

டெலிவரிக்கு வடசேரியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பள்ளித் தோழனையும் கூட்டிப் போனேன். மீட்டரில் 9 கிலோமீட்டர் காட்டியது. டயர் கறுப்பாக மின்னியது. அவன் மாலையைத் தூக்கிப் பார்த்தான், குனிந்து சைலன்ஸர் குழாயைப் பார்த்தான், இடது ஃபுட்பெக்கின் அடியில் விரலை விட்டுத் தடவினான். என்னையும் தடவச் சொன்னான். போல்ட்டின் முனை ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. சைலன்ஸர் குழாய் எஞ்சினிலிருந்து வெளியே வரும் வளைவில் நீலமும் பொன்னிறமுமாக நிறம் மாறியிருந்தது. புது டயரில் இருக்கும் ரப்பர் முடிகள் ஒன்றுகூட இல்லை.

"மக்கா, இது நல்லா ஓடுன வண்டிலே" என்றான்.

போனில் அந்தப் படிவத்தைத் திறந்தேன். டெஸ்ட் ரைடு வண்டியின் சேசிஸ் எண், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகப் பொறிக்கும் எண், அதில் எழுதியிருந்தது. ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்தில் பொறித்திருந்ததோடு ஒப்பிட்டோம். கடைசி எழுத்து வரை அதே எண்.

மீட்டர் சங்கதியை அவன்தான் விளக்கினான். இப்போதைய பல பைக்குகளில் மீட்டருக்கு வேகக் கணக்கு போவது சக்கரத்தில் இருக்கும் ஏபிஎஸ் சென்சாரிலிருந்து. அந்த ஒயரைக் கழற்றிவிட்டால் கிலோமீட்டர் ஏறாது, கூடவே ஏபிஎஸ்ஸும் செத்துவிடும். எத்தனை பேர் ஓட்டினாலும் மீட்டர் புதிதாகவே இருக்கும். ஓடிய கிலோமீட்டர் கணக்கை மறைக்க, முன்பின் தெரியாத ஒருவனை ஏபிஎஸ் இல்லாமல் ஈர மலை ரோட்டில் விட்டிருக்கிறார்கள். எனக்கு ஏமாற்றியதைவிட இதுதான் ஆத்திரம்.

ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், மாட்டாதா என்று கேட்கலாம். மாட்டாது. பதிவு செய்யாத வண்டியை டெஸ்ட் ரைடுக்கு ஓட்ட டீலருக்கு டிரேட் சர்டிபிகேட் உண்டு. அதில் ஓடிய வண்டி யார் பேரிலும் இருக்காது. நாம் வாங்கிப் பதிவு செய்தால் ஆர்சியில் முதல் உரிமையாளர் நாம்தான், ஓடிய கதை எந்தக் காகிதத்திலும் இல்லை. டெமோ வண்டி என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்றால் தப்பே கிடையாது. சொல்லாமல் முழு விலைக்கு விற்பதுதான் களவாணித்தனம்.

மேனேஜர் முதலில் எண்ணை எழுதியதில் தவறு என்றார். ஃபுட்பெக்கைக் காட்டியதும், "யார்டிலிருந்து கொண்டு வரும்போது உரசியிருக்கும்" என்றார். அப்புறம் குரல் இறங்கி, சீட் கவரும் கிராஷ் கார்டும் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். நல்லவேளை, பேங்க் லோன் பணம் இன்னும் அவர்கள் கைக்குப் போகவில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன். அட்வான்ஸைத் திருப்பித் தர இழுத்தடித்தார்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு 22,000 வந்தது. மீதி 3,000 'ஃபைல் சார்ஜ்' என்கிறார்கள். எந்த ஃபைல் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

அந்த 3,000-க்காக நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். பழைய பொருளைப் புதியது என்று சொல்வதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்று தெளிவாகவே சொல்கிறது. 5 லட்சத்துக்குள் உள்ள வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

நீங்கள் டெஸ்ட் ரைடு போனால் சேசிஸ் எண்ணைப் படம் எடுங்கள். மீட்டர் ஓடாத, ஏபிஎஸ் விளக்கு அணையாத வண்டியில் ஏறவே ஏறாதீர்கள், மலைக்கு என்றால் கண்டிப்பாக வேண்டாம். பணம் முழுவதும் கட்டுவதற்கு முன், பதிவுக்கு அனுப்புவதற்கு முன், வண்டியை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். ஷோரூம் வெளிச்சத்தில் எல்லாமே புதிதாகத்தான் தெரியும்.

நான் வேண்டாம் என்ற அந்தச் சாம்பல் நிற வண்டி இப்போது ஷோரூமில் இல்லை. சமீபத்தில் இந்தப் பக்கம் அந்த நிறத்தில் க்ரூஸர் எடுத்தவர்கள் ஃபுட்பெக்கின் அடியைத் தடவிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், படிவத்தின் படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.