எம்.ஐ.டி.யின் இலவச வேதியியல் பாடம்

வெள்ளைக்கல் (மாக்னசைட்) வெட்டியெடுக்கும் சேலம் கருப்பூர் பக்கம்தான் எங்கள் வீடு. வணிகவியல் படித்த எனக்கு வேதியியல் ஆசை இருந்துகொண்டே இருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் போடும் ஓப்பன் கோர்ஸ்வேர் தளத்தில், பேராசிரியர் கேத்தரின் டிரென்னன் 2014-இல் நடத்திய 5.111 என்ற எண்ணுள்ள வேதியியல் பாடத்தை இரவில் உட்கார்ந்து பார்க்கிறேன். கட்டணம் இல்லை, பதிவும் வேண்டாம். சான்றிதழ் கிடையாது, பரவாயில்லை.

ஆரம்பமே ஒளிமின் விளைவு, ஷ்ரோடிங்கர் சமன்பாடு என்று மிரட்டும், விட்டுவிடாதீர்கள். அப்புறம் வரும் வெப்ப இயக்கவியல்தான் அருமை. மாக்னசைட்டைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு பிரிகிறதே, சூளைக்கு ஏன் அத்தனை சூடு? வெப்பநிலை ஏற ஏற என்ட்ரோபியின் (ஒழுங்கின்மையின் அளவு) பங்கு கூடி, வினை தானாக நடக்குமா என்று சொல்லும் கிப்ஸ் ஆற்றல் மாற்றம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது; அப்போதுதான் வினை நடக்கும். கணக்குப் போட்டுப் பார்த்ததும் சிலிர்த்துவிட்டது!

ஆங்கிலம் வேகம்தான், வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆய்வகப் பயிற்சி மட்டும் இதில் கிடைக்காது.