கூரையா, தரவையா, காற்றாலையா?

டீசல் மின்சாரத்தின் உண்மையான விலையை யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுன்னாகத்து மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், சுற்றுவட்டார மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழைநீரையே நம்பியிருக்கும் குடாநாடு இது. தூய மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. அதை எங்கே வைப்பது என்பதில்தான் வழக்கு.

வீட்டுக் கூரைச் சூரியத் தகடு, தரவையில் (மாடு மேயும் பொதுப் புல்வெளியில்) விரிக்கும் சூரியப் பண்ணை, கரையோரக் காற்றாலை என்று மூன்று வழிகள். நான் கூரையில் 5 கிலோவோட் சூரியத் தகடு பூட்டியவன். ஆகவே பக்கச்சார்பு உண்டு.

புகையில்லை, எண்ணெய்ச் செலவில்லை என்பதெல்லாம் மூன்றுக்கும் பொது. செலவைப் பார்த்தால் பண்ணையே மலிவு; மொத்தமாகப் பூட்டும்போது ஓர் அலகின் விலை இறங்கும். காற்றாலையின் பலம், இரவிலும் சுழல்வது. தென்மேற்கிலிருந்து சோளகமும் வடகிழக்கிலிருந்து வாடையும் மாறி மாறி அடிக்கும் வடக்குக்கு அது சிறிய விஷயமல்ல. மன்னாரின் தம்பபவனி 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவோட் கொள்ளளவு கொண்டது.

கூரையின் தொல்லை பராமரிப்பு. செம்மண் தூசும் காகத்தின் எச்சமும் தகட்டில் படியும். கிணற்றுத் தண்ணீரால் கழுவி அப்படியே காயவிட்டால் சுண்ணாம்பு வெள்ளையாகப் படைகட்டும். கையோடு துடைக்க வேண்டும், அல்லது தொட்டியில் பிடித்த மழைநீரால் கழுவ வேண்டும். பழைய ஓட்டு வீடென்றால் மாற்று ஓடுகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பூட்ட ஏறுபவர்கள் சிலவற்றையாவது மிதித்து உடைப்பார்கள்.

இவ்வளவு இருந்தும் நான் கூரைப் பக்கம் நிற்பதற்குக் காரணம் காணி.

ஒரு மெகாவோட் சூரியப் பண்ணைக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். ஏக்கருக்கு 16 பரப்பு என்ற நம் காணிக் கணக்கில் 64 முதல் 80 பரப்பு. 200 வீட்டுக் கூரைகளில் 5 கிலோவோட் வீதம் பூட்டினாலும் அதே மெகாவோட் கிடைக்கும், ஒரு பரப்புக்கூடப் போகாது. காகிதத்தில் தரவை வெற்றுக் காணி. மாரி முடிந்து போய்ப் பாருங்கள்: பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், கொக்குகள் அதில் நிற்கும், மேட்டுப் புல்லில் மாடுகள் மேயும். காணியே இல்லாதவர் நாலு மாடு வளர்ப்பது அந்தப் புல்லை நம்பித்தான். சூரியத் தகட்டுக்குக் கீழும் மழை இறங்கும், புல் முளைக்கும், ஆடு மேயலாம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் வேலி போட்ட பிறகு உள்ளே மேய்வது யாருடைய ஆடு?

இங்கே கைமாறிய காணி திரும்பி வருவது எளிதல்ல. வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுவந்த நிலத்துக்காக இன்றும் காத்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் வெளியான வர்த்தமானி, வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருமாறும், கோராவிட்டால் அவை அரச காணியாகும் என்றும் அறிவித்தது. இடப்பெயர்வில் காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்தவர் எதைக் காட்டுவார்? எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அது மீளப்பெறப்பட்டது. இந்த நிலையில் 20 ஆண்டு மின் கொள்வனவு ஒப்பந்தத்துக்குப் பொதுநிலத்தை எழுதிக்கொடுப்பதென்றால், அது ஒரு தலைமுறை மேய்ச்சலை எழுதிக்கொடுப்பதுதான். கூரையில் பூட்டியதை நாளைக்கே கழற்றலாம். கூரை என்னுடையதாகவே இருக்கும்.

காற்றாலை பண்ணையளவுக்கு நிலம் விழுங்காது. ஆனால் அதற்கான பாதைகள் மணலை வெட்டிப்போகும். மன்னார் தீவும் வங்காலையும் வலசைப் பறவைகள் வந்திறங்கும் இடங்கள். காற்றாலைக்குப் பக்கத்தில் நான் குடியிருந்தவனல்ல. அந்த விஷயத்தில், 2025இல் காற்றாலைகளை எதிர்த்து வீதிக்கு இறங்கிய மன்னார் மக்களின் பேச்சுக்கே எடை அதிகம்.

கூரைக்கும் எல்லை உண்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டது. இரவுத் தேவைக்குப் பற்றரி வேண்டும். நான் இன்னும் வாங்கவில்லை, கடற்காற்றில் அது எத்தனை வருடம் உழைக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

நெடுந்தீவின் கதை வேறு. தேசிய மின்வலையோடு சேராத அந்தத் தீவுக்குக் காற்று, சூரியன், பற்றரி மூன்றையும் கலந்த தொகுதியே பொருந்தும். இந்திய நன்கொடையில் அங்கும் நயினாதீவிலும் அனலைதீவிலும் அமைக்க 2024இல் ஒப்பந்தமானது. குதிரைகள் மேயும் வெளியை ஒதுக்கி, தீவாரைக் கேட்டு இடம் குறித்தால் அதற்கு என் ஆதரவு உண்டு. குடாநாட்டிலோ சந்தைக் கட்டடங்கள், பாடசாலைகள், களஞ்சியங்களின் கூரைகள் நிரம்பும் வரை, தரவை கேட்டு வரும் எந்த விண்ணப்பத்துக்கும் நான் ஆட்சேபனைக் கடிதத்தில்தான் கையெழுத்திடுவேன்.