பேரன் தீவு தூண்டில் பயணம்: வேகப்படகா, டீசல் படகா?

அந்தமானில் பேரன் தீவுப் பக்கம் தூண்டில் போடப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் யோசிக்கிறார்கள். ஒன்று, பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் இரண்டு பூட்டிய திறந்த வேகப்படகு. மற்றொன்று, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற, நிதானமாகப் போகும் டீசல் படகு. இரண்டிலும் போயிருக்கிறேன். வரும் ஜனவரிக்கு டீசல் படகைப் பேசி முன்பணமும் கொடுத்தாயிற்று. அதனால் இதை நடுவர் தீர்ப்பாகப் படிக்க வேண்டாம்.

நிழல், கழிவறை, சூடான சாப்பாடு இதிலெல்லாம் டீசல் படகுதான் மேல் என்று யாரும் சொல்லாமலே தெரியும். வாடகையும் ஆறு பேர் பங்கு போட்டால் கட்டுப்படியாகும். விஷயம் அதில் இல்லை, எரிபொருளில் இருக்கிறது.

போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) தீவு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர், அதாவது எழுபது கடல் மைலுக்குச் சற்று மேல். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் நாலு மணி நேரம் போதும். 8 நாட்டில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். காகிதத்தில் வேகப்படகு ஜெயித்துவிடுகிறது. ஆனால் டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று அடிப்பதும் அதே வடகிழக்கிலிருந்துதான். போகிற வழி முழுக்க அலை அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில் மோதும். ஒன்றரை மீட்டர் அலை நெருக்கமாக வந்தால் எந்த ஓட்டுநரும் 20 நாட்டில் போகமாட்டார், போனால் முதுகெலும்பு தாங்காது. 10, 11 நாட்டுக்கு இறங்கியே ஆக வேண்டும்.

வேகப்படகு தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும்போதுதான் சிக்கனம். வேகம் குறைந்தால் பின்பக்கம் அமிழ்ந்து, மூக்கு தூக்கி, தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். மணிக்கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆனால் மணிக்கு ஆகும் பெட்ரோல் பாதியாகாது. 150 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு என்றால், அமைதியான கடலில் மணிக்கு ஐம்பது லிட்டருக்குக் கொஞ்சம் கூட, ஒருவழிக்கு 200 லிட்டர் என்று வையுங்கள். என் கணக்கில், கொந்தளிப்பில் அதே தூரத்துக்கு 280 வரை போகும். பேரன் தீவில் ஆளே கிடையாது. இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அது, கரையிறங்கவும் அனுமதி இல்லை. அங்கே போய் யாரிடம் பெட்ரோல் கேட்பது? திரும்பி வரத் தேவையானதை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தில்தான் மீன் பிடிக்க வேண்டும். கடல் கெட்டால் முதலில் வெட்டுப்படுவது நம் தூண்டில் நேரம். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போய், மீன் கடிக்கிற நேரத்தில் ஓட்டுநர் கேஜைப் பார்த்துக்கொண்டு “கிளம்பலாம் சார்” என்பார். அவர் சொல்வதும் சரிதான்.

டீசல் படகுக்கு இந்தத் திடீர் கணக்கு இல்லை. 8 நாட் 6 ஆகும், வந்து சேர இரண்டு மூன்று மணி நேரம் கூடும், அவ்வளவுதான். அந்த நேரமும் வீணில்லை. 6, 7 நாட்டில் பின்னால் லூர் (செயற்கை இரை) இழுத்துக்கொண்டே போகலாம். வஞ்சிரமோ, சூரையோ, வாகூவோ வழியிலேயே மாட்டும். வேகப்படகில் அந்த நேரத்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழிக்க வேண்டும்.

டீசல் படகுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: உருட்டல். தீவை ஒட்டியே கடல் மளமளவென்று ஆழமாகிவிடுவதால் நங்கூரம் பிடிக்கும் இடம் குறைவு. இரவில் மிதந்துகொண்டே கிடந்தால் பக்கவாட்டு அலை தொட்டிலாட்டும். அவோமின் மாத்திரையைக் கிளம்பும் முந்தைய இரவே போட்டுவிடுங்கள், குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பெரிய பயனில்லை.

பாப்பர் (தண்ணீர் மேலே மிதக்கும் செயற்கை இரை) வீசிப் பெரிய பாறை மீனைப் பிடிப்பதுதான் ஆசை என்றால் நான் வாதாடமாட்டேன். அலை உடைகிற பாறைகளுக்குப் பக்கத்தில் சட்டென்று நுழைந்து, வீசி, சட்டென்று விலகி வர வேகப்படகால்தான் முடியும். தளம் தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பதால் மீனைக் காயமில்லாமல் விடுவதும் சுலபம். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும்போது அதையே எடுக்கலாம். அப்போதும் ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல்நிலை அறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்க்காமல் அலைகளின் இடைவெளியையும் பாருங்கள். ஒன்றரை மீட்டர் அலை பத்து விநாடிக்கு ஒன்று வந்தால் ஏறி இறங்கிவிடலாம். ஐந்து விநாடிக்கு ஒன்று என்றால் அடிதான்.

திரும்பும்போது அலை பின்னாலிருந்து வரும். வேகப்படகில் நான் அமைதியான கடலில்தான் திரும்பியிருக்கிறேன், அதனால் கொந்தளிப்பில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. இரட்டை உடல் கட்டமரான் படகுகளைப் பற்றியும் அப்படித்தான், ஒரு பகல் ஏறியதோடு சரி.

எதைப் பேசினாலும் முன்பணம் கொடுக்கும் முன் படகுக்காரரிடம் டேங்க் எத்தனை லிட்டர், 10 நாட்டில் மணிக்கு எவ்வளவு குடிக்கும் என்று கேளுங்கள். 20 நாட் கணக்கை மட்டும் சொல்லி மழுப்பினால் வேறு படகு பார்க்கலாம்.