குற்றவாளி டிகோடர் அல்ல: ஒரு பழைய ரவுட்டரில் ஐந்து வருடப் பாட்டு

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த வைஃபை ரவுட்டர் ஒன்றை ஐந்து வருடங்களாகப் பாட்டுப்பெட்டியாக வைத்திருக்கிறேன். உள்ளே 400 மெகாஹெர்ட்ஸ் மிப்ஸ் 24கேசி பிராசசர். மிதவைப்புள்ளிக் கணக்குக்கென்று, அதாவது புள்ளி வைத்த பின்ன எண்களின் கணக்குக்கென்று, தனி வன்பொருள் கிடையாது. ரவுட்டர்களுக்கான லினக்ஸ் இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டியை ஏற்றி, யூஎஸ்பி சவுண்டு கார்டைச் செருகி, எம்பிடி என்ற பாட்டு பிளேயரை ஓட விட்டேன். விசிறி இல்லை, இரைச்சல் இல்லை. பாட்டு நின்றால் அறை உண்மையாகவே அமைதியாகிவிடுகிறது.

இத்தகைய பிராசசரில் 1.5-ஐ 2.5-ஆல் பெருக்குவதுகூட ஒரு சின்னச் சடங்கு. வன்பொருள் செய்யாததை மென்பொருள் ஒவ்வொரு முறையும் பிரித்து, பெருக்கி, நகர்த்தி, மீண்டும் சேர்த்துத் தருகிறது. எம்பி3 ஒலியைச் சட்டகம் என்னும் சிறு துண்டுகளாக வைத்திருக்கிறது. ஒரு சட்டகத்துக்கு 1152 மாதிரிகள், 44.1 கிலோஹெர்ட்ஸில் (வினாடிக்கு 44,100 மாதிரிகள்) ஏறக்குறைய 26 மில்லிவினாடி ஒலி. அதற்குள் அடுத்த சட்டகம் தயாராகாவிட்டால் பாட்டு திக்கும். சுருக்கிய கோப்பை ஒலியாக விரிக்கும் நிரல்தான் டிகோடர். எம்பி3-க்கான டிகோடர் லிப்மேட் இந்தச் சடங்கையே தவிர்த்துவிடுகிறது. 32 பிட் முழு எண்ணில் 28 பிட்டைப் பின்னத்துக்கு ஒதுக்கி, எல்லாவற்றையும் முழு எண் பெருக்கலாகவே முடித்துக்கொள்கிறது. ஆக் வோர்பிஸ் என்ற இன்னொரு ஒலி வடிவத்துக்கான ட்ரெமர் டிகோடரும் அதே வழிதான். இரண்டும் ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை. ஒலித்தரத்தில் குறை சொல்லவும் என் காதுக்குத் தெரியவில்லை. தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவம் அடிப்படையிலேயே முழு எண் கணக்கு என்பதால் எம்பி3-ஐவிட லேசாகவே ஓடுகிறது. கோப்பு பெரிது, வேலை சிறிது.

ஓபஸ் என்ற ஒலி வடிவம்தான் என்னை அலைக்கழித்தது. பத்து வினாடிக்கு ஒருமுறை திக்கும். எந்த நிரல் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் 'டாப்' கட்டளையில் எம்பிடி பிராசசர் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருக்கும். டிகோடர்மீது பழி போட்டு, முழு எண்ணிலேயே கணக்குப் போடும் நிலைப்புள்ளித் தெரிவுடன், ஓபஸ் டிகோடரான லிப்ஓபஸை நானே மறுபடி தொகுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. ஒரு மாலையை அதில் தொலைத்தேன் என்று எழுதத்தான் ஆசை. தொலைத்தவை மூன்று மாலைகள்.

பிறகு ஒரு நாள் 48 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் ஒன்றும் அப்படியே திக்கியது. ஃபிளாக் திக்கலாமா? அங்கேதான் பொறி தட்டியது. ஓபஸ் கோப்புகள் எப்போதும் 48 கிலோஹெர்ட்ஸில் விரிபவை என்று என் நினைவுக்கு வந்தது. கட்டமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால், வெளியீட்டை 44.1-க்கு மாற்றச் சொல்லும் வரி. அதன் கீழே, அந்த மாதிரிவீத மாற்றத்துக்கு லிப்சாம்பிள்ரேட் என்ற நூலகம், அதுவும் உச்சத் தரத்தில். அந்த நூலகம் மிதவைப்புள்ளியில்தான் கணக்குப் போடும். டிகோடர் பாடுபட்டு மிச்சம் பிடித்ததையெல்லாம் அடுத்த படியில் நான் கொட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வரிகளையும் எழுதியவன் நான்தான். கணினியில் செய்ததை அப்படியே நகலெடுத்திருக்கிறேன். அழித்தேன். சவுண்டு கார்டு 48-ஐ நேராகவே வாங்கிக்கொண்டது. திக்கல் அன்றோடு போயிற்று.

ஃபிளாக்கைப் போலவே தரம் குறையாமல் சுருக்கும் மங்கீஸ் ஆடியோ கோப்புகளை மட்டும் கைவிட்டுவிட்டேன். அதிலும் முழு எண் கணக்குதான். ஆனால் சுருக்க எவ்வளவு உழைப்போ, விரிக்கவும் ஏறத்தாழ அவ்வளவு உழைப்பு. உயர் நிலையில் சுருக்கியவற்றை இந்தச் சின்ன பிராசசர் தாங்கவில்லை. எல்லாவற்றையும் ஃபிளாக்காக மாற்றிவிட்டேன். தரத்தில் எதுவும் குறையாது.

96 கிலோஹெர்ட்ஸ் கோப்புகள் இன்னும் பாக்கி. என் கார்டுக்கு 48-தான் எல்லை. எம்பிடியின் உள்ளமைந்த மாதிரிவீத மாற்றி லேசானதுதான், ஆனால் ஜால்ரா ஒலியில் ஒரு சொரசொரப்பு கேட்கிறது. அவற்றைக் கணினியிலேயே 48-ஆக்கி அனுப்புகிறேன்.